ஹீத் துரையும் கத்தி எஃகும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தரிசுகளில் ஆவாரையும் எருக்கும் வளர்ந்திருத்தலை நம் மாணவர் நாடோறும் காண்பர். இவற்றைக் கொண்டே நம் நாட்டுக் கொல்லர் முற்காலத்தில் எஃகு வடித்தனர் எனின் வியப்பன்றோ! இரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்கட்டையுடன் மண்குகையிலிட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் ஊதுவர். கட்டையிலும் இலையிலும் உள்ள கரி இரும்பிற் கலந்து எஃகாகும். இம்முறையை 1839-ல் ஆங்கிலத்தில் விவரித்தெழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் துரை. அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை உத்தியோகஸ்தராயிருந்த ஹீத், சேலத்து இரும்புக்கல்லின் உயர்வைக் கண்டு அதிலே மனம் பறிகொடுத்து, அவ்வேலையைத் துறந்தார். 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் உலைகள் எழுந்தன. கும்பினியார் கடன் உதவினர். ஆயின் கல் நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். உலைக்கு வேண்டிய மரக்கரியோ காடுகளைத் தின்றது. இரும்பு நல்லதே, கணக்குத்தான் நஷ்டம்.

பின்னர் அவர் கத்திகளுக்குப் பேர்போன ஷெபீல்டு நகரைச் சார்ந்தார். அக்காலத்தில் உருக்கெஃகை இரும்போடு பற்றவைத்தல் அரிது. சுவீடன் தேசத்து விலையுயர்ந்த இரும்பையும் நாடவேண்டியிருந்தது. மாங்கனீசைக் கரியோடு சேர்த்துருக்கிய பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை கலப்பின், மலிந்த இரும்பும் நல்லெஃகாம் என்று ஹீத் கண்டு, 1839-ல் பேடண்டு உரிமை பெற்றார். எஃகின் விலை பெரிதும் தாழ்ந்தது. இரும்புக் காம்பில் எஃகு அலகு பற்றவைத்த மேசைக்கத்திகள் பெருகின.

இனி நிகழ்ந்தது வருந்தத்தக்கது. ஹீத்தின் பிரதிநிதியாயிருந்த அன்வின், மாங்கனீசுக் கல்லையும் கரிப்பொருளையும் தனித்தனியே குகையில் இட்டாலும் அதுவே விளையும் என்றறிந்து, அவ்வாறே செய்யலாயினர். குகைக்குள் முடிவில் உண்டாவது ஹீத் கூறிய பொருளே. ஆயினும் அவ்வழி அவருடைய பத்திரத்திற் சொல்லப்படவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்காய் நீண்டது. 1851-ல் ஹீத் வறியராய் இறந்தார்; 1855-ல் பிரபுக்கள் சபையின் முடிவும் அவர் பக்கம் அமையவில்லை. சட்டம் எழுத்தைப் பார்த்தது. நியாயம் எங்கே இருந்ததென்பதில் எமக்கு ஐயமில்லை.

அதே ஷெபீல்டில் 1913-ல் ஹாரி பிரேர்லி என்பார் குரோமியம் ஏறக்குறைய 13 பங்கு கலந்து துருவேறாத எஃகை உருக்கினார். மேற்பரப்பில் குரோமிய ஆக்ஸைடின் மெல்லிய படலம் படர்ந்து காப்பதால் அது கறுப்பதில்லை. இன்று நம் இல்லங்களில் காய் அரியும் கத்தி இவ்வினத்ததே. அதனுள் ஹீத் கலந்த மாங்கனீசும் சிறிதளவு இன்றும் உண்டு.