முதுகு வளைந்தது, தாளம் வளையவில்லை!

நம்ம பள்ளி பேண்டில் டிரம் அடிப்பவன் நான். எனக்கு ரொம்பப் பிடித்த டிரம் கலைஞர் சிக் வெப் பற்றிச் சொல்றேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதுகெலும்பில் காசநோய். கூன் விழுந்தது, உயரமும் வளரவில்லை. மனுஷர் சும்மா இருந்தாரா? பேப்பர் விற்றுக் காசு சேர்த்து டிரம் வாங்கினார்!

பிறகு நியூயார்க் போனார். ஹார்லெமில் சவாய் நடன அரங்கில் அவருடைய ஜாஸ் குழுதான் ராஜா. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது; எல்லாமே மனப்பாடம். கால் எட்டுவதற்குத் தனியாகச் செய்த பெடல்!

1935இல், தங்க வீடில்லாமல் இருந்த 17 வயதுப் பெண்ணைத் தன் குழுவில் பாட வைத்தார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்.

1937 மே 11இல் பென்னி குட்மேன் குழுவோடு போட்டி. எதிரணி டிரம் கலைஞர் ஜீன் குருப்பா பெரிய நட்சத்திரம். கடைசியில் அவரே சிக் வெப்புக்குத் தலைவணங்கினார். அடேங்கப்பா!

வலியோடுதான் வாசித்தார். 1939 ஜூன் 16இல் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் குழுவை நடத்தியவர் எல்லா.

நம்ம பேண்டில் சேர யாராவது வந்தால் உயரத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் கையில் குச்சியைக் கொடுத்துப் பார்ப்போமா?

– மாணவன், 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு