தங்கவயல் டெய்லர் கம்பெனியின் மூல புருஷர்

கோலார் தங்கவயலில் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆட்சி புரிந்தது மைசூர் மகாராஜாவா, டெய்லர் கம்பெனியா என்று வினவினால், அங்கே பிறந்து வளர்ந்த முதியோர் தயங்காமல் டெய்லர் கம்பெனி என்றே கூறுவர். குடியிருக்க லைன் வீடு, குடிக்கப் பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர், நோயுற்றால் ஆஸ்பத்திரி, வேலை நேரம் அறிவிக்கச் சங்கு என யாவும் கம்பெனியாரைச் சார்ந்தே இருந்தன. நம் சங்கத்திலும், பாட்டனார் காலத்தில் வடஆற்காட்டிலிருந்து அங்குக் குடியேறி, பின்னர் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு இவ்வூர் வந்து சேர்ந்த குடும்பங்கள் சில உள. அவர்கள் வீடுகளில் இன்றும் வழங்கும் அப்பெயருக்கு உரியவர் இந்திய மண்ணை மிதித்ததுமில்லை. தங்கவயல் என்னும் பெயரைக் கேட்டிருக்கவும் வழியில்லை. அவருடைய சரித்திரத்தை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஜான் டெய்லர் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் தேதி இங்கிலாந்தில் நார்விச் என்னும் நெசவு நகரில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் மூத்தவர் இவரே. தந்தையார் நூல் வாணிகர். பக்திப் பாடல்கள் இயற்றியவர். கொள்ளுப்பாட்டனார் அரசாங்கத் திருச்சபையில் சேராத ஒரு சபையின் போதகர்; எபிரேய மொழிச் சொற்களுக்கெல்லாம் அடைவு நூல் செய்த புலவர். கொள்ளுப்பாட்டனாருக்கும் தந்தையாருக்கும் பெயர் ஜான். நம் சரித்திர நாயகருக்கும் ஜான். அவருடைய மூத்த குமாரருக்கும் ஜான். பாட்டன் பெயரைத் தாங்குபவனே பெயரன் என்னும் நம் வழக்கம் அத்தேசத்தாரிடமும் ஒருவாறு உண்டு போலும். கணக்கெழுதுகிற என் போன்றோருக்கு இதனால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று.

கல்விச் செல்வம் மிக்க குடும்பம் அது. தம்பியருள் ஒருவர் விஞ்ஞான நூல்களை அச்சிட்டுப் புகழ் பெற்றார்; ஒருவர் சங்கீதப் பேராசிரியரானார்; மற்றொருவர் பிரான்சு தேசம் சென்று இயந்திரத் தொழில் நடத்தினார். தங்கை சாரா ஆஸ்டின் ஜெர்மன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மூத்தவரோ பூமிக்கடியில் இறங்கினார்.

பத்தொன்பது வயதும் நிரம்பாத இளைஞரிடம், 1798-இல், டெவன் மாகாணத்து டாவிஸ்டாக் ஊருக்கு அருகிலிருந்த ஒரு செம்புச் சுரங்கத்தின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பெயர் வீல் பிரண்ட்ஷிப். வீல் என்பது அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வழக்கில் சுரங்கத்தைக் குறிக்கும் சொல். ஆகவே நட்புச் சுரங்கம் என்று கொள்ளலாம். சுரங்கக்காரனுக்கு முதற் பகை தண்ணீர். தோண்டத் தோண்ட ஊற்று பெருகும்; இறைக்காவிட்டால் வேலை நிற்கும். அப்பக்கத்தில் நிலக்கரி கிடையாது. நீராவி இயந்திரத்தை ஓட்டினால் செலவு வரவை விழுங்கிவிடும். எனவே மலையருவிகளை வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்து சக்கரங்களைச் சுழலவிட்டு, அவற்றால் அடியிலுள்ள நீரை இறைக்கச் செய்தார். தண்ணீரைக் கொண்டே தண்ணீரை வென்ற உபாயம் இது.

அடுத்து டாவிஸ்டாக் ஊரிலிருந்து டேமார் நதித்துறை வரை நாலு மைல் நீளத்தில் ஒரு படகுக் கால்வாய் வெட்ட முனைந்தார். இடையே ஒரு குன்று நின்றது. அதனைக் குடைந்து, ஒன்றரை மைலுக்குச் சற்றே குறைந்த நீளத்தில் குகைவழி போட்டார். 1803-இல் தொடங்கிய வேலை 1817-இல் முடிந்தது. குகை குடையும்போதே செம்புப் படுகை ஒன்று அகப்பட்டது என்பது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். செம்புக் கல்லைச் சுத்தியலால் உடைத்து வந்த காலத்தில், உருளைகளுக்கிடையே செலுத்தி நொறுக்கும் பொறியைப் புகுத்தியவரும் இவரே.

1819-இல் கார்ன்வால் மாகாணத்துக் குவென்னப்பில், நீர் புகுந்து கைவிடப்பட்டிருந்த கன்சாலிடேடட் சுரங்கங்களை ஏற்றெடுத்தார். மகத்தான இறைப்பு இயந்திரங்களை நிறுவி நீரை வடித்தார். சில ஆண்டுகளில் அம்மாகாணத்தில் அதனை மிஞ்சிய செம்புச் சுரங்கம் இல்லையென்றாயிற்று. லண்டனில் அவர் கையெழுத்திட்டால் பணம் போட ஜனங்கள் வரிசையில் நின்ற காலம் அது.

இந்தச் செல்வாக்கே அவரை மெக்சிகோவுக்கு இழுத்துச் சென்றது. ஸ்பெயின் ஆட்சி நீங்கிய அந்நாட்டில் ரியால் டெல் மான்டே என்னும் புராதன வெள்ளிச் சுரங்கங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. 1824-இல் கம்பெனி ஏற்பட்டது. மறு ஆண்டு கார்ன்வால் தொழிலாளரும், சுமார் 1,500 டன் எடையுள்ள இயந்திரங்களும் வெராகுரூஸ் துறையில் இறங்கின. அது மஞ்சள் காய்ச்சல் காலம். வந்தவர்களுள் பலர் மலைக்கு ஏறு முன்னரே கடற்கரையில் மாண்டனர். எஞ்சியோர் பாதையற்ற மலைவழியே இயந்திரங்களை இழுத்துக்கொண்டு 1826-இல் சுரங்கம் சேர்ந்தனர். நீர் வடிந்தது, வெள்ளியும் கிடைத்தது. ஆயினும் செலவுக்கு ஈடாகவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் போராடி, 1849-இல் பெருநஷ்டத்துடன் விலகினர். அதனை வாங்கிய மெக்சிகோ நாட்டார் சில ஆண்டுகளுக்குள் அதே மலையில் அளவிறந்த வெள்ளியைக் கண்டனர். கிணற்றை வெட்டியவன் ஒருவன், குடித்தவன் மற்றொருவன்.

டெய்லர் வெறும் பொருள் தேடும் மனிதராக மட்டும் வாழ்ந்தாரில்லை. 1825-இல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. சமயபேதம் பாராமல் மாணவரைச் சேர்த்த லண்டன் யூனிவர்ஸிடி காலேஜை நிறுவியோருள் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் பொக்கிஷதாராக 1832 முதல் 1861 வரை இருந்தார். ஒரு சங்கத்தின் பணப்பெட்டியை இருபத்தொன்பது ஆண்டுகள் ஒருவரே காப்பது எத்தகைய காரியம் என்பதை நம் சங்கத்துப் பொக்கிஷதார்கள் அறிவார்கள். சுரங்கத் தொழில் பயிலத் தனிப் பள்ளி வேண்டும் என்று 1825-லேயே திட்டம் வெளியிட்டார். அது அப்போது கைகூடவில்லை. 1863-இல் லண்டனில் காலமானார்.

குமாரர்களாகிய ஜானும் ரிச்சர்டும், பின்னர்ப் பேரர்களும் தொழிலைத் தொடர்ந்தனர். இனி இந்தியாவுக்கு வருவோம். கோலார்ப் பகுதி மண்ணில் பொன் இருப்பதை 1802-லேயே வாரன் என்ற இராணுவ அதிகாரி எழுதிவைத்தார். மாரிக்குப்பத்துக் குடியானவர் அதற்கு முன்பே தோண்டிக்கொண்டிருந்தனர். 1870-களில் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமை பெற்று, பணமின்மையால் பிறருக்கு மாற்றினார். 1880-இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றி, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றது.

அடுத்த சில ஆண்டுகளில் மூலதனம் கரைந்தது, பொன்னைக் காணோம். அண்டையிலிருந்த கம்பெனிகள் தளர்ந்தன. வயநாட்டில் தங்கம் தேடிய கம்பெனிகள் பலவும் கவிழ்ந்துகொண்டிருந்தன. மூடிவிடலாம் என்பது பங்குதாரர் பலரின் எண்ணம். டெய்லர் குடும்பத்தார் மட்டும் மீதியிருந்த பணத்தையும் மண்ணில் போட இசைவித்து, பிளம்மர் என்னும் காப்டனை அனுப்பினர். காப்டன் என்றவுடன் பட்டாளத்தை நினைக்க வேண்டாம். கார்ன்வாலில் சுரங்க மேலாளருக்கு அதுவே பட்டம். அவர் பழங்காலத்தார் தோண்டிய குழிகளின் அடியைத் தொடர்ந்து இறங்கி, சாம்பியன் ரீப் என்னும் பொற்படுகையைக் கண்டார். மெக்சிகோவில் பாட்டனார் விட்டு வந்த வெள்ளியின் நினைவு பேரர்களை விலகவொட்டாமல் தடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

அதன்பின் உரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களும் அவர்கள் நிர்வாகத்தில் செழித்தன. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில் பாதை வந்தது. அந்தப் பௌரிங்பேட்டையே பின்னாளில் பங்காருப்பேட்டை. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தொண்ணூற்றிரண்டு மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொணரப்பட்டது.

சாம்பியன் ரீப் சுரங்கம் பதினாயிரம் அடிக்கும் கீழே இறங்கியது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்று பாடப்புத்தகங்கள் கூறும். அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறுவதை ஏர்பிளாஸ்ட் என்பர். அதில் நசுங்கி மாண்டவர் பலர். தப்பியவரையும் பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோய் வாட்டியது. இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் ஜில்லாக்களின் தமிழர். அவர்களிலும் மிகுதியோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஆதிதிராவிட மக்கள். பட்டினியிலிருந்தும் பண்ணை அடிமையிலிருந்தும் தங்கவயல் அவர்களை விடுவித்தது என்பதும் மெய். மூங்கில் தட்டி லைன்களில் அடைத்தது என்பதும் மெய்.

1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனியார் கட்டளையிட, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அந்தப் போராட்டம் தங்கவயலின் சரித்திரத்தில் ஒரு திருப்பமாயிற்று. டெய்லர் வம்சத்தில் யார் எப்போது பிறந்தார், எதைக் கட்டினார் என்பது நூல்களில் இருக்கிறது. ஆறாயிரம் அடியிலும் எட்டாயிரம் அடியிலும் மாண்டவரின் வம்சாவளியை எழுத முனைவோருக்கோ வீட்டுப் பெரியோர் வாய்மொழியே துணை. நம் சங்கத்துக் குடும்பத்தார் தத்தம் பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் பெயரையும், இறங்கிய ஷாப்டின் பெயரையும், ஆண்டையும் எழுதி அனுப்புவார்களாயின் அடுத்த மலரில் அவற்றை அச்சிடலாம் என்று செயற்குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொள்ள, டெய்லர் நிர்வாகம் முடிவுற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் வசமாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் 800 டன்னுக்கு மேல். இறைப்பு இயந்திரங்கள் நின்றபின் ஷாப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்தில் விடியற்காலை புறப்படும் ரயில்களில், சுரங்கத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள்.