டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



சென்ற ஐப்பசி மழையில் நம் வளாகத்தில் ஓர் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் தவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவு ஒரு மணி வாக்கில் டேங்க் வறண்டு ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் மெஷினை நம்பியிருந்த ஒரு பாட்டியம்மா. வீட்டில் கிடந்த பழைய மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று தடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பைபாஸ் பங்கிலிருந்து இரண்டு கேன் டீசல் வந்தது. ஊற்றியும் இன்ஜின் ஓடவில்லை. விடியற்காலை மெக்கானிக் வந்து பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஓடியது. அதுவரை பாட்டியம்மாவைக் காப்பாற்றியது அவர் மகன் வாங்கி வைத்திருந்த ஒரு சின்ன சிலிண்டர்.

பதில் தெரியாமல் நின்ற வெட்கத்தில் டீசலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். டீசல் எண்ணெயின் பெயர் என்றே அறுபது வயது வரை நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். அவர் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தைக்குப் புத்தகம் பைண்டிங், தோல் சாமான் செய்யும் தொழில். வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருந்த குடும்பம். 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டதும் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனில் தஞ்சம் புகுந்தது. பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரில் கணக்கு ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாகப் படித்து, உதவித்தொகையோடு மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சலால் தேர்வு தள்ளிப்போயும், 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் வான் லிண்டே. எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி இன்ஜின் வேலையாக மாற்றுவதில்லை என்று அந்த வகுப்பில் தெரிந்துகொண்டார். நூறு ரூபாய் போட்டுப் பத்து ரூபாய்கூடத் திரும்பாத வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டக் கணக்கு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

முதலில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். அது வெடித்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாகிப் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு வேறு வழி பிடித்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். மிகவும் நெருக்கினால், அதில் தெளிக்கும் எண்ணெய் ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். இதுதான் அவர் கண்ட வழி. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடம் கொடுத்தது. குருப் நிறுவனமும் பணம் போட்டது. 1893 ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் ஏறத்தாழ ஒரு நிமிடம் தானாக ஓடியது. மேலும் மூன்று வருட உழைப்பு. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியிருந்தது.

பெரிய ஆலைக்காரர்களுக்கு மட்டும் என்று அவர் இதை எண்ணவில்லை. நீராவி இன்ஜின் வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்காரருக்கும் கைத்தொழிலாளிக்கும் ஒரு சக்தி வேண்டும் என்பது அவர் ஆசை. 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. நம் ராசிபுரம், நாமக்கல் மானாவாரிக் காட்டில் விளைகிற அதே நிலக்கடலைதான். விவசாய நாடுகள் தங்கள் நிலத்தில் விளையும் எண்ணெயிலேயே இன்ஜின் ஓட்டலாம் என்று பின்னாளில் அவரே எடுத்துச் சொன்னார்.

இனி, வங்கியில் லெட்ஜர் எழுதியவன் என்ற முறையில் என் மனதை வருத்திய பகுதி. உரிமங்களை விற்று, நாற்பது வயதிலேயே டீசல் கோடீஸ்வரர் ஆனார். ஆனால் முதலில் விற்ற இன்ஜின்கள் பழுதாகிப் புகார்கள் குவிந்தன. காப்புரிமை வழக்குகள் வேறு. உடம்பும் மனமும் சோர்ந்து சிகிச்சை இல்லத்தில் தங்க நேர்ந்தது. மியூனிக்கில் அரண்மனை போல வீடு கட்டினார். எண்ணெய் வயலிலும் மனை வியாபாரத்திலும் போட்ட பணம் போனது. தொழிலாளர் நலனுக்காக 1903இல் ஒரு புத்தகம் எழுதினார், வாங்க ஆளில்லை. 1912இல் அவர் வகை இன்ஜினோடு செலாண்டியா என்ற கப்பல் கடல் கடந்தபோது உலகமே அவரைப் பாராட்டியது. வீட்டில் கடனுக்கு வட்டி கட்டப் பணமில்லை. வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை ஆன்ட்வெர்ப்பில் இருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு சாப்பிட்டு, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. தொப்பியும் மேல்கோட்டும் மேல்தளத்தில் இருந்தன. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடலைக் கண்ட டச்சுப் படகினர், சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். பொருட்களைப் பார்த்து மகன் அடையாளம் சொன்னார். புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்திருந்தார். அதில் ரொக்கமும், கணக்குகள் காலியானதைக் காட்டும் தாள்களும் இருந்தன. தற்கொலையா, வேறு காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

அவர் இன்ஜின் லாரியில் ஏறியது 1920களில்தான். நாமக்கல் லாரிகளையும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளையும், கிணற்று மேட்டில் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பிய ஆயில் இன்ஜின்களையும் அவர் பார்க்கவில்லை. நம் மாவட்டங்களில் சோறு போட்ட பெயர் அது. சிறு டீசல் இன்ஜின் செய்து உயர்ந்த ஜப்பானியர் யமாவோகா, நன்றிக்கடனாக 1957இல் ஆக்ஸ்பர்க்கில் அவருக்கு ஒரு நினைவுப் பூங்கா அமைத்துக் கொடுத்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க நிலவறைத் தொட்டியில் எண்ணெய் வைத்திருப்பார்கள். பனி இரவில் அது தீர்ந்தால் பங்கிலிருந்து டீசல் வாங்கி ஊற்றிச் சமாளிப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணெய். வரி வேறு என்பதால் சூடாக்கும் எண்ணெய்க்குச் சாயம் கலந்திருப்பார்கள், நம் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலம் கலப்பது போல. மண்ணெண்ணெய் அப்படியல்ல. டீசலில் உள்ள வழுவழுப்பு அதில் குறைவு. அதை ஊற்றினால் இன்ஜினின் எண்ணெய் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். பெட்ரோல் கலப்பதோ பேராபத்து. எந்த எண்ணெயானாலும் டேங்க் வறண்டால் அடிக்கசடு ஃபில்டரை அடைக்கும், பைப்பில் காற்று புகும். அன்றிரவு நமக்கு நடந்தது அதுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஜெனரேட்டர் டேங்க் கால் அளவுக்குக் கீழே போக விடக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். இரண்டாவது, நம்மில் யாருக்காவது கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தால், பணமோ மன தைரியமோ, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெரிய மனிதர் போன கதையைத்தான் மேலே படித்தீர்கள்.