கப்பல் போன பிறகு வ.உ.சி.

நம் புறநகர்ப் பகுதிகளில் வ.உ.சி. பெயரில் தெருக்கள் உண்டு. கப்பல் ஓட்டினார், சிறையில் செக்கிழுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வயது 40தான். அதன் பிறகும் ஏறக்குறைய 24 ஆண்டுகள் வாழ்ந்தார். பணி ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஆண்டுகளைத்தான்.

முதலில் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல் தொழிலில் நல்ல வருமானம். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்கள் ஓடின. போட்டியாளரான ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக அறிவித்தது.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். தீர்ப்பு 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் அந்தப் போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனி இல்லை, சொத்து இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த நிலையில் புதிதாக ஒரு கப்பல் கம்பெனி தொடங்க வழியே இல்லை. அவர் அதைப் புரிந்துகொண்டார். குடும்பத்தோடு சென்னைக்கு வந்து அரிசி, நெய் வியாபாரம் செய்தார். வியாபாரம் பெரிதாகக் கை கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் சில காலம் வங்கி வேலையும் பார்த்தார்.

ஆனால் பிழைப்போடு அவர் நின்றுவிடவில்லை. சிறைக்குப் போகும் முன் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நடத்தி வெற்றி கண்டவர் அவர். அந்த அனுபவத்தோடு சென்னையில் தொழிற்சங்க வேலையில் இறங்கினார். சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கியிருந்தார். வெளியே வந்தபின் திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பிழை திருத்துவது கண்ணையும் பொறுமையையும் கேட்கும் வேலை. கூட்டமும் கைத்தட்டலும் அதற்குக் கிடையாது. கடல் வணிகத்தில் நாட்டுக்குச் செய்ய நினைத்ததை, மொழியில் தன்னால் முடிந்த அளவுக்குச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மீண்டும் வக்கீல் தொழில் பார்த்து, 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18 அன்று அங்கேயே காலமானார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. வறுமை கடைசிவரை இருந்தது. கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளைக்கூட உயிலில் குறித்து வைத்தார். 36 வருடம் லெட்ஜர் பார்த்த எனக்கு, லட்சக்கணக்கில் மூலதனம் திரட்டிய மனிதர் அந்தச் சில்லறைக் கடனையும் மறக்காமல் எழுதியது பெரிய விஷயமாகப் படுகிறது.

பதவி போனதும், தொழில் நின்றதும், பிள்ளைகள் வெளிநாடு போனதும், இனி என்ன இருக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம் நகரிலும் உண்டு. பழைய இலக்கு கைக்கு எட்டாது என்றால், நமக்குத் தெரிந்த வேலைகளில் இன்று எது எட்டும் என்று பார்க்கலாம். வக்கீல் படிப்பு, தமிழ், தொழிலாளர் பழக்கம் என்று வ.உ.சி.க்குக் கைவசம் மூன்று இருந்தன. மூன்றையும் அவர் வீணாக்கவில்லை. நம் ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருக்கும்.