இசைவாணர் சி. ராமச்சந்திரா

மாதுங்காவில் நண்பர் வீட்டில் 'ஓர் இரவு' படத்தின் 'ஐயா சாமி' பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உடனிருந்த மராத்தி மாணவர், அது தங்கள் ராமச்சந்திராவின் மெட்டு என்றார். தமிழிலிருந்துதான் இந்திக்குப் போயிருக்க வேண்டுமென்று நான் வீம்புக்கு வாதாடினேன். பிறகு ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், தோற்றேன். அந்தத் தோல்வியே இப்பெரியாரின் வரலாற்றை நாடச் செய்தது.

ராமச்சந்திரா 1918 ஜனவரி 12-ஆம் நாள் மராட்டிய நாட்டின் புணதாம்பா என்னும் சிற்றூரில் பிறந்தார். விநாயகபுவா பட்வர்த்தனிடம் இசை பயின்றார். கதாநாயகனாக நடித்த 'நாகானந்த்' தோல்வியுற்றது. பம்பாயில் சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் ஆர்மோனியம் வாசிக்க அமர்ந்தார். அவரை இசையமைப்பாளராக்கியவை இந்திப் படங்கள் அல்ல. 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்னும் தமிழ்ப் படங்களே!

அந்நாளில் பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்தது. இரவில் அங்கு வாசித்த கோவா கலைஞர்கள் பகலில் சினிமா ஒலிப்பதிவுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான டிரம்பெட் வித்தகர் சிக் சாக்லேட், ராமச்சந்திராவுக்கு உற்ற துணையானார். 'அல்பேலா' (1951) பாடல்களின் துள்ளல் அந்த நட்பின் விளைவே.

இனி, நான் வாதாடிய மெட்டுக்கு வருவோம். அதன் மூலம் 'டால் ஃபேஸ்' (1945) என்னும் அமெரிக்கப் படத்தில் கார்மென் மிராண்டா பாடிய பாட்டு. 1950-இல் ராமச்சந்திரா அதனை 'சமாதி' படத்தில் 'கோரே கோரே' ஆக்கினார். லதா மங்கேஷ்கரும் அமீர்பாய் கர்நாடகியும் பாடினர். மறு ஆண்டே 'ஓர் இரவு' படத்தில் ஆர். சுதர்சனம் இசையில் எம். எஸ். ராஜேஸ்வரி தமிழில் பாடினார். ஜாஸ் உலகிலும் ஒரே பாட்டைப் பலர் தத்தம் பாணியில் பதிவு செய்வதுண்டு. ஆனால் அங்கே இயற்றியவர் பெயர் இசைத்தட்டில் இருக்கும். நாமோ மூலம் எதுவென்று கேட்பதேயில்லை. எல்லாம் நமதென்று மார்தட்டுகிறோம்.

தமிழில் தொடங்கியவர் தமிழை மறந்தாரா? இல்லை. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை அறியாத தமிழர் உண்டோ? அதற்கு இசையமைத்தவர் அவரே! 1982 ஜனவரி 5-ஆம் நாள் பம்பாயில் மறைந்தார்.

தாராவியிலும் செம்பூரிலும் பிறமொழியாளரோடு சுவர் ஒட்டி வாழ்கிறோம். எது யாருடையதென்ற வழக்கு நமக்குப் புதிதன்று. 'ஐயா சாமி' மெட்டை அந்த மராத்தி நண்பருக்கு மனமார விட்டுக்கொடுத்தேன். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னைக் காண அவரை அழைத்திருக்கிறேன்.