நெஞ்சில் குண்டோடு பேசியவர்... 41 லட்சம் ஓட்டு வாங்கியும் தோற்றது ஏன்? ரூஸ்வெல்ட்டால் உடைக்க முடியாத இரு கட்சிக் கோட்டை!

1912 அக்டோபர் 14. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். பிரசாரக் கூட்டத்துக்குக் கிளம்பிய தியோடர் ரூஸ்வெல்ட்டை, ஓட்டல் வாசலில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். குண்டு நெஞ்சில் பாய்ந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த 50 பக்க உரையும், மூக்குக்கண்ணாடி வைக்கும் உலோகக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்ததால் உயிர் தப்பினார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ரத்தக்கறை படிந்த சட்டையோடு மேடையேறி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசி முடித்துவிட்டுத்தான் சிகிச்சைக்கே போனார்.

அடுத்த மூன்று வாரத்தில் அதிபர் தேர்தல். நாடே அவரைப் பற்றித்தான் பேசியது. ஆனாலும் தோற்றுப்போனார். ஏன்?

யார் இந்த ரூஸ்வெல்ட்?

1858-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா பாடாய்ப்படுத்தியது. விடாமல் உடற்பயிற்சி செய்து உடம்பைத் தேற்றினார். 1898-ல் கியூபாவில் நடந்த போரில் ஹீரோ ஆனார். நியூயார்க் ஆளுநர், பிறகு துணை அதிபர் என மளமளவென வளர்ந்தார். 1901-ல் அதிபர் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட, 42 வயதில் அதிபர் நாற்காலியில் அமர்ந்தார். அந்தப் பதவிக்கு வந்தவர்களிலேயே மிக இளையவர் இன்று வரை இவர்தான்.

பெரிய கம்பெனிகளின் ஏகபோகத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். காடுகளைப் பாதுகாத்தார். ரஷ்யா - ஜப்பான் போரை முடித்துவைத்ததற்காக 1906-ல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கினார். வேட்டையில் கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மறுத்த இவருடைய கதையில் இருந்துதான் 'டெடி பியர்' பொம்மைக்குப் பெயரே வந்தது!

நண்பரே எதிரியானார்

1908-ல் மறுபடி போட்டியிட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்ட ரூஸ்வெல்ட், நெருங்கிய நண்பர் வில்லியம் டாஃப்டை வேட்பாளராக்கி ஜெயிக்கவும் வைத்தார். ஆனால் டாஃப்ட் போன பாதை அவருக்குப் பிடிக்கவில்லை. 1912-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆவதற்கு நண்பரையே எதிர்த்துக் களமிறங்கினார்.

கட்சியின் முன்தேர்தல்களில் ஒன்பது மாநிலங்களில் ஜெயித்தார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவும் அதில் ஒன்று. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் முன்தேர்தலே கிடையாது. அங்கெல்லாம் கட்சிப் பெரிய மனிதர்கள் வைத்ததுதான் சட்டம். சிகாகோ மாநாட்டில், தகராறில் இருந்த பிரதிநிதி இடங்களில் பெரும்பாலானவை டாஃப்ட் பக்கம் போயின. வேட்பாளரும் டாஃப்டே.

ரூஸ்வெல்ட் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே 'முற்போக்குக் கட்சி' பிறந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை, எட்டு மணி நேர வேலை, முதியோருக்குக் காப்பீடு என அன்றைக்கு யோசிக்கவே முடியாத வாக்குறுதிகளைக் கொடுத்தது. சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் அவருடைய பெயரை மாநாட்டில் வழிமொழிந்தார். அதே மாநாட்டில் தென் மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இடம் மறுக்கப்பட்டது என்பது அழியாத கறை.

கணக்கு எங்கே உதைத்தது?

முடிவு இப்படி வந்தது:

ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன்: சுமார் 63 லட்சம் ஓட்டு, 42%
ரூஸ்வெல்ட்: சுமார் 41 லட்சம், 27%
டாஃப்ட்: சுமார் 35 லட்சம், 23%
சோஷலிஸ்ட் கட்சியின் யூஜின் டெப்ஸ்: சுமார் 9 லட்சம், 6%

ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் சேர்ந்து வாங்கியது பாதிக்கும் மேல். ஆனால் அதிபரைத் தீர்மானிப்பது இந்த ஓட்டு அல்ல, எலெக்டோரல் ஓட்டு. ஒரு மாநிலத்தில் யார் முதலிடமோ, கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் அந்த மாநிலத்தின் மொத்த எலெக்டோரல் ஓட்டும் அவருக்கே. பாதியைத் தாண்டணும் என்ற கட்டாயமே இல்லை.

நியூயார்க்கில் வில்சனுக்குக் கிடைத்தது சுமார் 41% தான். ஆனால் அங்கிருந்த 45 எலெக்டோரல் ஓட்டும் அவர் பைக்குள் போனது. இப்படியே 40 மாநிலங்கள். மொத்தம் 531-ல் வில்சனுக்கு 435. ரூஸ்வெல்ட்டுக்கு 88. ஆட்சியில் இருந்த டாஃப்டுக்கு வெறும் 8. டெப்ஸுக்கு ஒன்றுகூட இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1908-ல் தோற்றுப்போன ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வாங்கியதைவிட, 1912-ல் ஜெயித்த வில்சன் வாங்கிய ஓட்டு குறைவு!

ரூஸ்வெல்ட் இல்லாவிட்டால் அந்த ஓட்டெல்லாம் அப்படியே டாஃப்டுக்குப் போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே முகாம் இரண்டாகப் பிரிந்ததில் எதிர்முகாம் ஜெயித்தது என்பது கண்கூடு.

ஆட்சியே மாறியது

16 வருஷம் கழித்து வெள்ளை மாளிகை ஜனநாயகக் கட்சி கைக்கு வந்தது. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வ் 1913-ல் உருவானது. அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரிப்பதும் வில்சன் ஆட்சியில்தான் பரவியது. 42% ஓட்டில் வந்த ஆட்சி, 100% மக்களுக்கும் முடிவெடுத்தது.

1916-ல் முற்போக்குக் கட்சி மறுபடி கூப்பிட்டது. ஓட்டு பிரிந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்ட ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளரையே ஆதரித்தார். அத்தோடு புதுக் கட்சியின் கதை முடிந்தது. 1919 ஜனவரி 6-ல், 60 வயதில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. மில்வாக்கியில் பாய்ந்த குண்டு கடைசி வரை நெஞ்சிலேயே இருந்தது.

விதி மட்டும் மாறவில்லை

கொள்கைகள் வீண்போகவில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை 1920-ல் நாடு முழுக்க வந்தது. முதியோர் ஓய்வூதியத்தை 1935-ல் கொண்டுவந்தவர், இவருடைய தூரத்து உறவினரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். மூன்றாவது கட்சியின் யோசனையைப் பெரிய கட்சிகள் எடுத்துக்கொண்டன. இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1992-ல் ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19% ஓட்டு வாங்கினார். எலெக்டோரல் ஓட்டு? பூஜ்யம். மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் இப்போது முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை வந்திருக்கிறது. பிடித்தவருக்குப் போட்டால் பிடிக்காதவர் ஜெயித்துவிடுவாரோ என்ற பயத்தைக் குறைப்பதுதான் அதன் நோக்கம்.

ரூஸ்வெல்ட்டிடம் புகழ் இருந்தது, துணிச்சல் இருந்தது, 41 லட்சம் ஓட்டும் இருந்தது. அவரைத் தோற்கடித்ததில் எதிராளிகளுக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஓட்டுகளை எண்ணிய விதிக்கும் அவ்வளவு பங்கு!