கொடுமுடி கோகிலம்

தைப்பூசத்தன்று ஒலிபெருக்கியில் கணீரென எழும் கே. பி. சுந்தராம்பாளின் குரலைப் பாட்டியின் குரலாகவே நாம் அறிவோம். அதன் இளமை வேறு. 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர், வறுமையால் சிறுவயதில் இரயிலில் பாடிக் காசு பெற்றார். நாடகமேடை அவரை இலங்கைவரை கொண்டு சென்றது. உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது இவருக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைச் சேலை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி.

நடிகைக்கு அதோடு தொழில் முடிந்திருக்க வேண்டும். இவரோ 1935-இல் நந்தனாராக ஆண்வேடமே பூண்டார். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய்; அந்நாளில் அது மலைக்க வைத்த தொகை! பின்னர் துறவி மணிமேகலை, 1953-இல் ஔவையார். ஜோடியே தேவைப்படாத வேடங்கள். சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்று, 1980-இல் மறைந்தார்.